வெள்ளி மீசையும் கறுப்பு மூக்கும்

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே, தேம்ஸ் கரையில் இருக்கும் சிற்றூர் அபிங்டன். 1929இலிருந்து எம்.ஜி. கார்களுக்குப் பிறந்த வீடு அது. 1974 செப்டம்பரில் அந்த ஆலையிலிருந்து வெளியே வந்த எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு முகமே மாறியிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக முன்புறம் மின்னிய ஒல்லியான குரோம் பம்பரைக் காணவில்லை. குரோம் விளிம்பு கட்டிய கிரில்லையும் காணவில்லை. இரண்டின் இடத்தையும் பிடித்துக்கொண்டு தடித்த கறுப்பு மூக்கு ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. ஊர் அதை ‘ரப்பர் பம்பர்’ என்றது. உண்மையில் அது ரப்பர் அல்ல. உள்ளே எஃகுச் சட்டம் வைத்து வார்த்த பாலியூரித்தேன். போதாக்குறைக்குக் காரும் தரையிலிருந்து ஒன்றரை அங்குலம் உயர்ந்திருந்தது.

அந்தக் கறுப்பு மூக்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய குரோமைத் திரும்ப மாட்டுவது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு வழக்கம். அதற்கென்றே உதிரிபாகத் தொகுதிகள் விற்கும் கடைகளும் அதை மட்டுமே வாரக்கணக்கில் செய்து தரும் பட்டறைகளும் உண்டு. எம்.ஜி.பி.யோடு இது நிற்கவில்லை. டாட்சன் இசட், பி.எம்.டபிள்யூ. 2002, மெர்சிடஸ் எஸ்.எல்., போர்ஷே 911 என்று 1970களில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய கார்களில் பல இந்த ஆசைக்கு இலக்கானவை. எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே சட்டம். மணிக்கு 5 மைல் வேகத்தைப் பற்றிய சட்டம்.

பம்பர் தொடக்கத்தில் காரின் உறுப்பாகவே இருக்கவில்லை. 1905இல் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் சிம்ஸ் என்ற பொறியாளர் காற்றடைத்த ரப்பர் பம்பரைத் தம் சிம்ஸ்-வெல்பெக் காரில் பொருத்திக் காட்டினார். ஆனால் 1920கள் வரை பம்பர் வேண்டுமென்றால் கார் வாங்கியவரே தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆலையிலிருந்தே பம்பரோடு கார் வரத் தொடங்கிய சில ஆண்டுகளில் குரோம் முலாமும் வந்து சேர்ந்தது. எஃகுத் தகட்டின் மேல் செம்பு, அதன் மேல் நிக்கல், கடைசியில் ஒரு மைக்ரானுக்கும் மெல்லிய குரோமியம். மினுமினுப்பில் பெரும்பங்கு நிக்கலுடையது. அது மங்காமல் காப்பதுதான் குரோமியத்தின் வேலை. போர்க்காலத்தில் 1942 தொடக்கத்திலிருந்து அமெரிக்க அரசு கார்களின் பளபளப்பு அலங்காரங்களைத் தடைசெய்தபோதும் பம்பருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. அந்த அளவுக்குப் பம்பர் அவசியப் பொருள்.

போருக்குப் பிறகு அந்த அவசியம் காணாமல்போயிற்று. 1950களிலும் 1960களிலும் பம்பர் என்பது காருக்கு முறுக்கிவிட்ட வெள்ளி மீசை. அழகுக்குத்தான், அடி தாங்க அல்ல. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஓர் உயரத்தில் அதை வைத்தது. கார் நிறுத்தும் இடத்தில் ஒன்று பின்னால் நகர்ந்து இன்னொன்றை இடித்தால், ஒன்றின் பம்பர் மற்றதன் பம்பருக்கு மேலேறி கிரில்லையும் ஹெட்லைட்டையும் நொறுக்கும். ஆளுக்குக் காயமே இருக்காது. பட்டறைச் செலவு மட்டும் வாயைப் பிளக்க வைக்கும்.

அந்தச் செலவு இன்சூரன்ஸ் கம்பெனிகளின் தலையில் விழுந்தது. 1960களின் இறுதியில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இன்சூரன்ஸ் கழகத்தின் தலைவராக மருத்துவர் வில்லியம் ஹாடன் வந்தார். அதற்கு முன்பு அரசின் சாலைப் பாதுகாப்புத் துறைக்கு முதல் தலைவராக இருந்தவர் அவர். புத்தம் புதிய கார்களை மணிக்கு 5 மைல் வேகத்தில், அதாவது ஒருவர் வேகமாக நடக்கும் அளவுக்குச் சற்று மேலே, சுவரில் மோதவிட்டுப் படம் எடுத்துக் காட்டினார்கள். செனட்டர் ஃபிலிப் ஹார்ட் கார் இன்சூரன்ஸ் கட்டணம் ஏன் இப்படி ஏறுகிறது என்று விசாரணை நடத்திக்கொண்டிருந்த காலம் அது. நடை வேகத்தில் இடித்ததற்கே முன்பக்கம் கசங்கிப்போகும் காட்சிகளுக்கு எந்தக் கார்க் கம்பெனியிடமும் நல்ல பதில் இல்லை.

1971 ஏப்ரலில் 215ஆம் எண் பாதுகாப்புத் தரம் வெளியானது. 1972 செப்டம்பர் 1க்குப் பிறகு தயாராகும் கார்கள், அதாவது 1973 மாடல்கள், முன்பக்கம் 5 மைல் வேகத்திலும் பின்பக்கம் இரண்டரை மைல் வேகத்திலும் சுவரில் மோதினால் விளக்குகள் உடையக் கூடாது, பானட் திறந்து மூட வேண்டும், பெட்ரோல் கசியக் கூடாது, ரேடியேட்டருக்குச் சேதம் வரக் கூடாது. அடுத்த ஆண்டு விதி இறுகியது. பின்பக்கமும் 5 மைல். கூடவே, 16 அங்குலத்திலிருந்து 20 அங்குலம் வரையான உயரத்தில் ஊசல்போல் ஆடிவந்து இடிக்கும் கனத்த கட்டையின் அடியையும் பம்பர் தாங்க வேண்டும். எல்லாக் கார்களின் பம்பர்களும் ஒரே மட்டத்துக்கு வந்தால்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது என்ற கணக்கு.

இதைப் ‘பாதுகாப்புச் சட்டம்’ என்று சொல்லிச் சொல்லியே பம்பருக்குக் கெட்ட பெயர் வாங்கிக்கொடுத்துவிட்டார்கள். 5 மைல் வேக மோதலில் யார் உயிரும் போவதில்லை. 1966இன் வாகனப் பாதுகாப்புச் சட்டம் உயிர்க்காப்புக்கான விதிகள் போடத்தான் அதிகாரிகளுக்கு அதிகாரம் தந்திருந்தது. பட்டறைச் செலவைக் குறைக்கும் விதி போட அல்ல. அதனால்தான் முதல் விதி விளக்கையும் பெட்ரோல் டேங்கையும் பற்றிப் பேசியது. பம்பரே நசுங்கினாலும் கேள்வி இல்லை. 1972 அக்டோபரில் ஹார்ட் முன்னின்று கொண்டுவந்த புதிய சட்டத்தின் பெயரிலேயே ‘செலவு மிச்சம்’ என்ற சொல் ஏறியது. அதன்படி வந்த கடுமையான தரம் 1979 மாடல்களிலிருந்து உடற்தகடு கசங்கக் கூடாது என்றது. 1980இலிருந்து பம்பரிலேயே பெரிய பள்ளம் விழக் கூடாது என்றது. ஆக, இன்று குரோம் பிரியர்கள் கழற்றிப் போடும் அந்தக் கனத்த பொருள், உயிர்காக்கும் கவசமாக ஒருபோதும் இருந்ததில்லை. இன்சூரன்ஸ் கணக்குப் புத்தகத்திலிருந்து முளைத்தது அது.

நம் ஊரில் அம்பாஸடரும் ஃபியட்டும் ஓட்டியவர்களுக்கு இந்தச் சண்டை விசித்திரமாகத் தோன்றலாம். அவை அமெரிக்காவுக்குப் போகாத கார்கள். 1973க்குப் பிறகும் பல்லாண்டுகள் அதே எஃகுப் பட்டை, அதே முலாம். சொட்டை விழுந்தால் டிங்கரிங் கடையில் தட்டி நிமிர்த்தி மறுபடி முலாம் பூசிக்கொள்ளலாம். வாஷிங்டனில் எழுதிய ஒரு விதி உலகத்துக் கார்களின் முகத்தையெல்லாம் மாற்றியதை இந்தியச் சாலைகள் கவனிக்கவே இல்லை.

மற்ற ஊர்களில் பொறியாளர்களுக்குத் தூக்கம் போயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் பம்பருக்கும் சேசிஸுக்கும் நடுவே எண்ணெயும் அழுத்த வாயுவும் நிறைந்த உருளைகளை வைத்தது. இடித்தால் உள்ளே போய், பிறகு மெல்லத் திரும்பி வரும். அதன் கார்வெட் 1973இல் மட்டும் முன்னால் நிறம் பூசிய யூரித்தேன் மூக்கும் பின்னால் பழைய குரோமும் கொண்ட அரைகுறை வேஷத்தில் வந்தது. மறு ஆண்டே பின்பக்கக் குரோமும் போயிற்று. சுவீடனின் சாப், சட்டம் அமலுக்கு வருமுன்னே, 1972 மாடல் 99 காரில் இடிபட்டாலும் தானே பழைய வடிவுக்குத் திரும்பும் பம்பரைக் கொடுத்துவிட்டது. பிரான்ஸின் சிட்ரோயன் எஸ்.எம். தோற்றேபோனது. தேவைக்கேற்ப உயர்ந்து தாழும் அதன் சஸ்பென்ஷனும், ஒரே உயரத்தில் பம்பர் இருக்க வேண்டும் என்ற விதியும் ஒத்துவரவில்லை. விலக்குக் கிடைக்காததால் 1973க்குப் பிறகு அந்த அற்புதமான கார் அமெரிக்கச் சந்தையைவிட்டே விலகியது.

இந்தப் பரீட்சையில் முதல் மதிப்பெண் போர்ஷேக்குத்தான் தர வேண்டும். அனடோல் லாபின் தலைமையிலிருந்த வடிவமைப்புக் குழு 1974 மாடல் 911க்கு அலுமினியப் பம்பரைக் காரின் நிறத்திலேயே பூசி, உடலுக்கும் அதற்கும் நடுவே மடிப்பு மடிப்பான கறுப்பு ரப்பர் துருத்தியை வைத்தது. இடித்தால் துருத்தி சுருங்கும். இடிக்காதபோது அது வடிவத்தின் ஒரு கோடு மாதிரிதான் தெரியும். 1989 வரை அதை மாற்ற வேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை.

எம்.ஜி.யின் உரிமையாளரான பிரிட்டிஷ் லேலண்டிடம் அப்படிச் செய்யப் பணமும் இல்லை, நேரமும் இல்லை.

எம்.ஜி.பி. 1962இல் வந்த கார். சிட் எனெவர் தலைமையில் உருவானது, 1798 சி.சி. எஞ்சின், இரண்டு பேர் உட்காரும் திறந்த உடல். விற்பனையில் பெரும்பகுதி அமெரிக்காவில். அந்தச் சந்தை போனால் ஆலையையே மூட வேண்டும். 1968க்குப் பிறகு பல கார்க் கம்பெனிகளை ஒன்றாக உருட்டிச் சேர்த்த லேலண்ட் நிறுவனத்தில் எம்.ஜி.க்குச் செல்லப்பிள்ளை இடம் இருக்கவில்லை. புது மாடலுக்குக் காசு கிடைக்காது என்பது அபிங்டனில் எல்லோருக்கும் தெரியும். பத்து வயது தாண்டிய காரை வைத்துக்கொண்டே புதிய விதியைச் சமாளிக்க வேண்டியிருந்தது.

முதல் முயற்சி வேடிக்கையானது. 1974 மாடலாக அமெரிக்கா போன கார்களில் குரோம் பம்பரை அப்படியே விட்டு, அதன்மேல் பெரிய ரப்பர் குமிழ்களை இரண்டிரண்டாக முன்னும் பின்னும் பொருத்தினார்கள். பிரிட்டிஷ் குறும்பர்கள் அவற்றுக்குச் ‘சப்ரினா’ என்று பெயர் வைத்தார்கள். 1950களில் அந்த ஊர்த் தொலைக்காட்சியில் தம் உடற்கட்டுக்காகவே பேசப்பட்ட நடிகையின் பெயர் அது. சில மாதங்களில் குமிழ்களும் போய்க் கறுப்பு மூக்கு வந்தது.

மூக்கை மட்டும் தனியாகப் பார்த்தால் அப்படியொன்றும் மோசமான வேலையில்லை. பழைய கிரில்லின் உருவத்தைக் கறுப்பிலேயே வார்த்து, நடுவில் எம்.ஜி. முத்திரையை வைத்து, இன்டிகேட்டர் விளக்குகளையும் அதற்குள்ளேயே புதைத்திருந்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து உலகத்துக் கார்களெல்லாம் இப்படி உடலோடு ஒட்டிய பிளாஸ்டிக் மூக்குக்குத்தான் வரப்போகின்றன. ஆனால் உடலுக்குப் பளிச்சென்ற மஞ்சள் அல்லது சிவப்பு, மூக்குக்குக் கறுப்பு என்றால் கண் அங்கேயே போய் நிற்கும். காரின் நீளமும் 5 அங்குலத்துக்குக் கிட்ட கூடிவிட்டது.

உண்மையான கேடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்தது. பம்பரைச் சட்டம் சொன்ன உயரத்துக்குக் கொண்டுவர, எம்.ஜி.பி.யின் உடலில் அதைப் பொருத்தும் இடத்தை மாற்றினால் செலவு அதிகம். முழுக் காரையும் தூக்கிவிட்டால் செலவு குறைவு. அப்படியே தூக்கினார்கள்: முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை மாற்றி, பின்னால் லீஃப் ஸ்பிரிங்குகளை இன்னும் வளைத்து, ஒன்றரை அங்குலம். அதே வேளையில், திருப்பத்தில் கார் சாயாமல் பிடித்துக்கொள்ளும் ஆன்டி-ரோல் பாரைத் திறந்த மாடலிலிருந்து எடுத்தும்விட்டார்கள். உயரம் கூடியது, பிடிமானம் குறைந்தது. தரையோடு ஒட்டி வளைவுகளில் வழுக்கிக்கொண்டு போவதற்கென்றே வாங்கப்பட்ட கார் தள்ளாடத் தொடங்கியது. 1976இல்தான் முன்னும் பின்னும் ஆன்டி-ரோல் பார் வைத்து ஓரளவு சரிசெய்தார்கள். அதற்குள் பெயர் கெட்டிருந்தது. அமெரிக்கப் புகை விதிகளுக்காக இரண்டு கார்புரேட்டர்களை ஒன்றாக்கி, முதலில் 95 குதிரைத்திறன் தந்த எஞ்சினை அறுபது சொச்சத்துக்கு இறக்கியதும் சேர்ந்துகொண்டது.

பிரிட்டனில் இப்படி ஒரு பம்பர் சட்டமே இருக்கவில்லை. ஆனாலும் அங்கு விற்ற கார்களுக்கும் அதே கறுப்பு மூக்கு, அதே உயரம். ஒரே ஆலையில் இரண்டு வகை உடல் செய்ய லேலண்டுக்கு மனமில்லை. ஹார்ட்டின் செனட் விசாரணையைப் பற்றிக் கேள்விப்படாத யார்க்ஷயர்க்காரரும் அதன் பலனை அனுபவித்தார். அங்கே இந்தக் கார்மீது இருந்த கோபத்தில் பாதி, தமக்குச் சம்பந்தமில்லாத ஒன்றுக்காகத் தம் கார் கெடுக்கப்பட்டது என்ற கோபம்.

1979 செப்டம்பரில் அபிங்டன் ஆலை மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. 1980 அக்டோபரில் கடைசி எம்.ஜி.பி. வெளியேறியது. பதினெட்டு ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள். 1980களில் அவை பழைய கார்களாகிக் கைமாறத் தொடங்கியபோது விலை இரண்டாகப் பிரிந்தது. குரோம் பம்பர் வண்டிக்கு ஒரு விலை. ரப்பர் பம்பர் வண்டிக்கு அதைவிடக் குறைவு. துரு குறைவான, வயதும் குறைந்த ரப்பர் பம்பர் காரை மலிவாக வாங்கி, முகத்தை மாற்றிவிட்டால் என்ன என்று ஆயிரம் பேருக்கு ஒரே சமயத்தில் தோன்றியிருக்க வேண்டும்.

தோன்றுவது சுலபம். நான்கு போல்ட்டைக் கழற்றிப் பழையதை மாட்டுகிற வேலையாக இது முடிவதில்லை. கறுப்பு மூக்கு சேசிஸ் முனையில் போல்ட்டால் நிற்கிறது. அதைக் கழற்ற ஒரு மணி நேரம்கூட ஆகாது. கழற்றிய பிறகுதான் முன் மட்கார்டுகளின் கீழ்ப்பகுதி வேறு வடிவில் இருப்பது தெரியும். குரோம் காலத்து மட்கார்டில் ஹெட்லைட்டுக்குக் கீழே இன்டிகேட்டருக்கான இடம் உண்டு. இதில் இல்லை, அது மூக்கோடு போய்விட்டது. ஆகவே மட்கார்டுகளையே மாற்ற வேண்டும், அல்லது பழைய வடிவில் தகடு வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். பம்பருக்குக் கீழே வரும் முன் தட்டியும் இந்தக் காரில் கிடையாது. அதையும் வாங்க வேண்டும். கிரில்லைப் பிடிக்கும் இடங்களில் துளை போட வேண்டும். பின்னால் விளக்குகளுக்குக் கீழே சிறிய மூடு தகடுகள் தேவைப்படும். நம்பர் பிளேட் விளக்கு முன்பு பம்பரின் குமிழ்களில் உட்கார்ந்திருந்தது. அதற்கு வயரிங்கைத் திருப்பிவிட வேண்டும். கடைசியில் வெல்டிங் பட்ட இடமெல்லாம் பட்டி வைத்துத் தேய்த்துப் பெயிண்ட். முன்புறம் மட்டும் பெயிண்ட் அடித்தால் பழைய நிறத்தோடு ஒட்டாது என்பதால் பலருக்கு அது முழுக் காருக்குமான பெயிண்டில் போய் முடியும்.

இத்தனையும் செய்துவிட்டு உயரத்தைத் தொடாமல் விட்டவர்கள் ஏராளம். பழைய கார்க் கண்காட்சிகளில் அவற்றை அடையாளம் காண்பது எளிது. முகம் 1970, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி 1975. பம்பரில் கை வைக்காமல், தாழ்வான ஸ்பிரிங்குகளும் நல்ல ஆன்டி-ரோல் பாரும் போட்ட ரப்பர் பம்பர் கார்தான் ஓட்டுவதற்கு அந்தக் கண்காட்சி அழகியைவிட எவ்வளவோ மேல். குரோம் காலத்துக் குறுக்குச் சட்டத்தையே தேடிப் பொருத்தி இரண்டையும் சரிசெய்கிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் ஸ்டியரிங் தண்டின் கோணமும் மாறும், வேலை நீளும்.

இந்தத் தொழிலுக்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஊக்கம் வந்தது. லேலண்ட் குழுமத்தின் கிளையாகவே 1975இல் பிறந்த பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற அமைப்பில் டேவிட் பிஷப் என்பவர், எம்.ஜி.பி. உடலை அழுத்தி உருவாக்கிய பழைய அச்சுகள் பலவும் இன்னும் அழியாமல் கிடப்பதைக் கண்டறிந்து திரட்டினார். 1988இல் ஃபேரிங்டன் ஊரில் அந்த அச்சுகளைக்கொண்டே புத்தம் புதிய எம்.ஜி.பி. உடல்களைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். உற்பத்தி நின்று எட்டு ஆண்டுகள் ஆன காருக்குப் புது உடல்! மட்கார்டு, தட்டி, தகடு எல்லாம் ஆலை அளவிலேயே கிடைக்க ஆரம்பித்ததும் மூக்கு மாற்றும் வேலை அரைகுறை வெட்டு வேலையாக இருந்த நிலை மாறியது. துருப்பிடித்த ரப்பர் பம்பர் காரின் எஞ்சினையும் கியரையும் எடுத்துக் குரோம் காலத்துப் புது உடலில் இறக்கிவிடவும் முடிந்தது. இந்த உற்சாகத்தின் தொடர்ச்சியாக 1992இல் லேலண்டின் வாரிசான ரோவர் நிறுவனம் அதே உடலை அடிப்படையாக வைத்து எம்.ஜி. ஆர்.வி.8 என்ற காரையே வெளியிட்டது. அதன் பம்பர்? குரோமும் அல்ல, கறுப்பும் அல்ல, உடலின் நிறம். அவற்றில் பெரும்பாலானவை ஜப்பானுக்குப் போயின.

பம்பர் பட்டைகளும் இன்று வேறு ஊரிலிருந்து வருகின்றன. நல்ல முலாம் பூசத் தெரிந்த பட்டறைகள் மேற்கு நாடுகளில் சுற்றுச்சூழல் விதிகளால் குறைந்துகொண்டே போக, வியட்நாமில் கைவினைஞர்கள் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை அச்சில் தட்டி வளைத்து, தேய்த்து மெருகேற்றி, ஐரோப்பியப் பழைய கார்களுக்கான பம்பர்களை ஏற்றுமதி செய்கிறார்கள். முலாமே இல்லாததால் உரியவும் வழியில்லை. உற்றுப் பார்க்கிறவர்கள் குரோமின் நீலச் சாயல் இல்லை என்று முகம் சுளிப்பார்கள்.

மற்ற கார்களின் கதை எம்.ஜி.பி. அளவு சிக்கலானதல்ல, ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு முள் உண்டு. டாட்சன் 280இசட் காரில் 240இசட்டின் மெல்லிய பம்பரை மாட்ட ஆசைப்படுகிறவருக்கு, இன்டிகேட்டர்கள் பம்பருக்குக் கீழே இருந்த இடத்திலிருந்து மேலே கிரில் பக்கம் ஏறிவிட்டது தடையாக நிற்கும். பி.எம்.டபிள்யூ. 2002இல் 1974 முதல் வந்த நீட்டிய அலமாரிப் பம்பர்களுக்குப் பதிலாக முந்தைய ஒல்லிப் பம்பர் போட்டால், காரின் குட்டையான, துறுதுறுப்பான தோற்றம் ஒரே பகலில் திரும்பிவிடும். மெர்சிடஸ் 450எஸ்.எல். வைத்திருக்கும் அமெரிக்கர் ஜெர்மனிக்காரர் ஓட்டிய அதே காரின் பம்பரை வரவழைப்பார். கூடவே அமெரிக்க விதிக்காகப் போட்ட வட்ட ஹெட்லைட்டுகளையும் மாற்றிவிடுவார். லம்போர்கினி கௌன்டாஷின் அமெரிக்க மாடலில் ஒட்டவைத்த முன் பம்பரோ, சுங்கச் சாவடி தாண்டியதும் கழற்றி வீசுவதற்கென்றே செய்ததுபோல இருந்தது. பலர் அதைத்தான் செய்தார்கள்.

செலவைச் சுருக்க ஒரு குறுக்குவழியும் புழக்கத்தில் உண்டு. கனத்த பம்பரை மாற்றாமல், அதை உடலோடு ஒட்ட உள்ளே தள்ளிவிடுவது. அதற்கு உருளைகளில் இருக்கும் வாயுவையும் எண்ணெயையும் வெளியேற்ற வேண்டும். டிரில் போட்டுத் துளைத்தால் அழுத்தத்தில் எண்ணெய் பீய்ச்சியடிக்கும். வெல்டிங் சூடு பட்டால் உருளை வெடிக்கவே கூடும். அப்படி உள்ளே தள்ளிய பம்பர் அதன்பிறகு எந்த அடியையும் உறிஞ்சாது என்பது இன்னொரு பக்கம்.

விதியோ இதற்குள் மாறிப்போயிருந்தது. ரீகன் ஆட்சியில், 1982இல், சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 5 மைலை இரண்டரை மைலாகக் குறைத்தது. கனத்த பம்பரின் விலையும் அது தின்னும் பெட்ரோலும், மிச்சமாகும் பட்டறைச் செலவைவிட அதிகம் என்பது அவர்கள் வாதம். இன்சூரன்ஸ் தரப்பும் நுகர்வோர் அமைப்புகளும் எதிர்த்தன. வழக்கு வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 1985இல் அங்கே அரசின் பக்கம் தீர்ப்பு எழுதிய நீதிபதி, பின்னாளில் உச்ச நீதிமன்றம் போன அன்டோனின் ஸ்காலியா. கறுப்பு மூக்கு போட்ட எம்.ஜி.பி. ஆலையைவிட்டு வந்தது ஆறே ஆண்டுகள். அவற்றின் கடைசிக் கார் வெளியேறி இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த விதியின் கடுமையே பாதியாகிவிட்டது. பிக்அப்புக்கும் எஸ்.யூ.வி.க்கும் இந்தப் பம்பர் விதி இன்றுவரை கிடையாது. அமெரிக்கச் சாலையில் இன்று பெரும்பான்மை அவைதான்.

மூக்கை மாற்றியது சரியா என்ற வாதம் எம்.ஜி. வட்டாரங்களில் ஓய்வதே இல்லை. ஆலையில் எப்படிப் பிறந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்ற கட்சி இப்போது வலுத்துவருகிறது. ஒருகாலத்தில் குப்பைக்குப் போன கறுப்பு மூக்குகளை இன்று வெடிப்பில்லாமல் தேடுவது எளிதல்ல. வெயிலில் வெளுத்த பாலியூரித்தேனைக் கறுப்பாக்கத் தனிக் குழம்புகள் விற்கின்றன. போர்ஷேயிலும் இதே திருப்பம்தான். துருத்திப் பம்பர் 911களை வெட்டி 1974க்கு முந்தைய நீள பானட் உருவத்துக்கு மாற்றுவதற்கு முன் மட்கார்டு, பானட் எல்லாமே மாற வேண்டும். அப்படி மாற்றப்பட்டவை பெருகப் பெருக, மாற்றப்படாத துருத்திப் பம்பர் கார்களுக்குத் தனி மதிப்பு வந்தது.

எம்.ஜி.பி.யின் விலைப் பிளவுக்கு அழகு மட்டும் காரணமல்ல. பிரிட்டிஷ் வரித்துறைக்கும் அதில் கை உண்டு. 25 வயது தாண்டிய கார்களுக்குச் சாலை வரி இல்லை என்று ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டிருந்த சலுகையை 1990களின் பின்பகுதியில் அரசு நிறுத்தி, 1973க்கு முன் செய்யப்பட்டவற்றுக்கு மட்டும் என்று உறையவைத்தது. ரப்பர் பம்பர் கார் ஒவ்வொன்றும் 1974 செப்டம்பருக்குப் பிந்தையது என்பதால் ஒன்றுகூட உள்ளே வரவில்லை. முகத்தை 1970க்கு மாற்றிக்கொண்டவர்களுக்கும் பயனில்லை. வரித்துறை தயாரிப்புத் தேதியைத்தான் பார்த்தது. 2014இல் சலுகை நாற்பது ஆண்டுக் கணக்கில் மறுபடி நகரத் தொடங்கியது. 2015 ஏப்ரலில் முதல் கறுப்பு மூக்குகளுக்கு விலக்குக் கிடைத்தது. 1980 அக்டோபரில் அபிங்டனைவிட்டு வந்த கடைசிக் கார்கள் 2021 ஏப்ரல் 1 முதல் வரி கட்டுவதில்லை.